சிவப்பு மையால் நான் போட்ட வழி

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலால் தொட்டுப் பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்று சொன்னால் எந்தப் பக்கம் என்று கேட்பேன். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பவும் கேட்பேன். பக்கம் மாறியிருந்தால் வீட்டுக்குப் போகும் பேச்சே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் டீச்சராக இருந்ததில் இந்தக் குணம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. ஒரே ஒரு முறை குப்புறத் தள்ளியது. அந்த வருடம் நான் பாடப்புத்தகத்தைச் சந்தேகப்பட்டேன், பிள்ளைகளைச் சந்தேகப்பட்டேன், பிள்ளைகளைப் பெற்றவர்களைச் சந்தேகப்பட்டேன். என்னைச் சந்தேகப்பட மட்டும் தோன்றவில்லை.

மலையாள நாட்டு எல்லைக்குள், நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவில் நான்காம் வகுப்பு வரைக்குமான ஒரு சின்ன எல்.பி. ஸ்கூல். அதில் தமிழ் மீடியம் நான்காம் வகுப்பு என்னுடையது. நான் பிறந்த வீடு பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். எங்கள் பக்கம் நெல் அடிக்கும் களம், வீடு, மாட்டுத்தொழுவம் எல்லாம் சேர்ந்த பண்ணைக்கே களம் என்றுதான் பெயர். கல்யாணமாகி நான் பக்கத்தில் இருக்கிற சித்தூர் டவுனுக்குப் போய்விட்டேன். அப்பா காலமான பிறகு களமும் வயலும் தென்னந்தோப்பும் அண்ணன் கைக்கு வந்தன. தினமும் காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, நான் படித்த அதே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு மாலையில் திரும்பிப் போவேன். களத்துக்கு எப்போதாவது ஒரு முறை போய் வருவேன்.

முதல் சந்தேகம் புத்தகத்தின் மேல் வந்தது. அதைத் திறந்தால் கடல், காயல், படகு, இடைவிடாத மழை. எங்கள் ஊரில் மழை வேண்டாவெறுப்பாகத்தான் பெய்யும். மலைக்கணவாய் வழியாக வருகிற காற்று கண்ணிலும் சோற்றிலும் மண்ணை அள்ளிப் போடும். அணையிலிருந்து தண்ணீர் விட்டால்தான் நாற்று நடுவோம். அந்த வருடம் பள்ளி திறந்ததும், உங்கள் ஊரை வரையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பதினாலு பேரில் முக்கால்வாசிப் பேர் படகு வரைந்திருந்தார்கள். ஒருத்தன் எங்கள் வாய்க்காலில் கப்பலே விட்டிருந்தான். அவன் கடலைப் பார்த்ததில்லை, கப்பலையும் பார்த்ததில்லை. வாய்க்காலைத் தினமும் தாண்டித்தான் வருகிறான்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். வாய்க்கால் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது, ஒரு வயலில் செம்மண்ணும் பக்கத்து வயலில் கரிசலும் எப்படி வந்தன, பனைமரம் ஏன் இந்தப் பக்கம் மட்டும் இவ்வளவு நிற்கிறது என்று காலுக்குக் கீழே இருப்பதிலிருந்து ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பெரியவர்களுக்கு அப்படி இல்லை. வயலின் நீள அகலத்தைக் காலடியால் அளக்கச் சொன்ன அன்று ஒரு பையனின் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"ஏனுங்க டீச்சர், நெலத்தோட அளவெல்லாம் புள்ளைகளுக்கு எதுக்குங்க?" என்று கேட்டார்.

"பாடத்துக்குத்தானுங்க."

"பாடம்னா செரிங்க," என்றார். சரி என்று அவர் நினைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஹெச்.எம்.மும் அன்று மாலை, எல்லைக் கல் இருக்கிற பக்கமெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், வீண் வம்பு என்றார். நிலம் வைத்திருக்கிறவர்கள் இருக்கிற ஊரில் அளவு என்ற சொல்லே வம்பு. நானும் அப்படி ஒரு வீட்டில் பிறந்தவள்தான், எனக்கு அது தெரியும்.

அடுத்து வரலாறு. "நம்ம ஊரில் முதல் முதல்ல யார் இருந்தாங்க?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தன்," என்றான் ஒரு பையன். அவன் தாத்தாவை எனக்குத் தெரியும். இரண்டு வயல் தாண்டிக் கட்டிலில் படுத்திருக்கிறார்.

வகுப்பில் மூன்று பிள்ளைகள் எரவாளர் காலனியிலிருந்து வந்தார்கள். ஒரு பெண், இரண்டு பையன்கள். காலனி எங்கள் களத்துக்குப் பின்னால், தோப்பைத் தாண்டி இருக்கிறது. எரவாளர் இந்தப் பக்கத்துப் பழங்குடி. எங்களுக்கு முன்பே இந்த மண்ணில் இருந்தவர்கள். தலைமுறை தலைமுறையாக எங்கள் களங்களில் கூலிவேலை பார்க்கிறவர்களும் அவர்கள்தான். வருடத் தொடக்கத்தில் விலாசம் எழுதச் சொன்னபோது மூன்று பேரும் எங்கள் களத்தின் பெயரைத்தான் எழுதினார்கள். அதில் எனக்கு எந்த வித்தியாசமும் படவில்லை. தபால்காரரும் அப்படித்தான் எழுதிக்கொள்வார்.

அவர்களுடைய வரலாற்றை வகுப்பில் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்குப் பெருமையும் கொஞ்சம் இருந்தது, அதை மறைப்பானேன். பெரிய சார்ட்டில் காடு வரைந்து, வில்லோடு ஒரு ஆளை நிறுத்தினேன். இந்த வயலெல்லாம் ஒரு காலத்தில் காடு, இவர்களுடைய முன்னோர்கள் இங்கே வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்ந்தார்கள், காடு வயலானபோது வேட்டைக்காரர்கள் கூலிக்காரர்கள் ஆனார்கள் என்று சொன்னேன். காடு எப்படி வயலாயிற்று, யார் ஆக்கியது என்பதை வேகமாகத் தாண்டிவிட்டேன். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "இவர் உங்க முன்னோர்," என்றேன்.

அவள் சார்ட்டை நன்றாகப் பார்த்தாள். ஒன்பது வயது, நிதானமான பிள்ளை. "எங்கூட்ல வில்லு இல்லீங்க டீச்சர். கொடுவாளும் மம்பட்டியுந்தான் இருக்குதுங்க," என்றாள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த வேலையைக் கொடுத்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் வருகிற வழியைப் படமாக வரைய வேண்டும். காலடியை எண்ணிக்கொண்டே வர வேண்டும். வழியில் இருக்கிற எல்லாம் படத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகள் அசத்திவிட்டார்கள். டீக்கடை, கள்ளுக்கடை, உடைந்த மதகு எல்லாம் வந்திருந்தன. கடிக்கிற நாய் ஒன்றைப் பள்ளிக்கூடத்தைவிடப் பெரிதாக ஒருத்தி போட்டிருந்தாள். எனக்கு ரொம்பச் சந்தோஷம். காலனிப் பிள்ளைகளின் படத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது.

மூன்று படத்திலும் ஒரே வழி. காலனியிலிருந்து வாய்க்கால் கரையேறி, அங்கிருந்து வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியில் இறங்கி, எங்கள் தென்னந்தோப்பை மூன்று பக்கமும் சுற்றி, தார் ரோட்டுக்கு வந்து, பிறகு பள்ளிக்கூடம். தோப்பு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கோடு. உள்ளே ஒன்றுமே இல்லை. மரம் இல்லாத இடத்திலெல்லாம் மரம் போடுகிற வயது அது. நூறு தென்னைக்கு மேல் நிற்கிற இடத்தை மூன்று பிள்ளைகளும் வெறுமையாக விட்டிருந்தார்கள்.

அந்தத் தோப்புக்கு நடுவே ஒரு தடம் போகிறது. காலனி வாசலில் ஆரம்பித்துப் பள்ளிக்கூடத்து வேலியில் முடியும். ஐந்து நிமிட நடை. சுற்றிப் போனால் இருபது நிமிடத்துக்குக் குறையாது. நான் சின்னவளாக இருக்கும்போது களத்திலிருந்து அந்தத் தடத்தில் ஏறித்தான் பள்ளிக்கூடம் வருவேன். அதனால் முதல் பார்வையிலேயே முடிவு கட்டிவிட்டேன். ஒருத்தர் தப்பாக வரைந்திருக்கிறார், மற்ற இரண்டு பேரும் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் மூன்று பேரையும் பிரித்தேன். ஒருத்தனை ஆபீஸ் ரூமில், இன்னொருத்தனை வராந்தாவில், அந்தப் பெண்ணை மதியச் சாப்பாடு சமைக்கிற கொட்டகையில் உட்கார வைத்து, திரும்ப வரையச் சொன்னேன். வந்த மூன்று படமும் முதல் நாள் படங்கள்தான். அதே சுற்று, அதே வெற்றிடம். காலடி எண்ணிக்கைகூட ஏறக்குறைய ஒன்றுதான். பார்த்து எழுதவில்லை என்பது நிச்சயமானது. அதோடு என் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இடம் மாறியது. அப்படியென்றால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எதையோ மறைக்கிறார்கள்.

"தோப்புக்குள்ள தடம் இருக்கில்ல, அதுல ஏன் வர்றதில்ல?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"அங்கன போகக்கூடாதுங்க டீச்சர்."

"யார் சொன்னது?"

அவள் நோட்டின் ஓரத்தை மடித்தாள்.

"பண்ணாடி திட்டுவாரா?" கூலிவேலை பார்க்கிறவர்கள் நிலத்துக்காரரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கேட்டது என் அண்ணனைப் பற்றி.

"பேய் இருக்கா?" என்றேன். வகுப்பு மறுபடியும் சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். படம் பொய் சொல்லக்கூடாது, இருக்கிறதை இருக்கிறபடி காட்ட வேண்டும் என்று வகுப்புக்கே ஒரு பிரசங்கம் செய்தேன். மூன்று படத்திலும் காலனியிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும், வெறுமையாக விட்டிருந்த இடத்தின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தேன். 'இதுதான் வழி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நாளைக்குத் திருத்தி வரைந்துகொண்டு வர வேண்டும், தோப்பில் மரம் இருக்க வேண்டும் என்றேன். மூன்று பேரும் கொண்டுவந்தார்கள். வரிசையாகத் தென்னை, நடுவே தடம். அந்தப் பெண் நோட்டை மேஜையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள். நான் 'நன்று' போட்டேன்.

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பெற்றோர்களைக் கூப்பிட்டுப் படங்களைச் சுவரில் மாட்டினோம். பிள்ளையின் முதல் முயற்சியையும் திருத்திய பிரதியையும் அடுத்தடுத்து மாட்ட வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பிள்ளை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டுமாம். அப்படியே மாட்டினேன். சிவப்புக் கோடும் என் கையெழுத்தும் பளிச்சென்று தெரிந்தன.

அண்ணன் பள்ளிக்கூடத்து பி.டி.ஏ. தலைவர். வந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். அன்று சுவர் பக்கம் போனார். காலனிப் பிள்ளைகளின் படங்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். போனை எடுத்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார்.

"நல்லாப் பண்ணியிருக்க அம்மிணி," என்றார்.

எனக்கு வேலை கிடைத்த அன்றுகூட அண்ணன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உடனே சந்தேகம் வந்தது. பஞ்சாயத்து எலெக்‌ஷனுக்கு நிற்கப் போகிறாரோ என்று நினைத்தேன். என் மூக்கு மோப்பம் பிடித்தது சரிதான், ஆனால் போய் நின்றது வேறு வீட்டு வாசலில்.

திங்கட்கிழமை காலனிப் பிள்ளைகள் மூன்று பேரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை மாலை பள்ளி விட்டதும் நானே காலனிக்குக் கிளம்பினேன். தோப்புத் தடத்தில் ஏறி நேராக நடந்தேன். ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. காலனிக் குழாயடியில் நின்ற பெண்கள் நான் தோப்புக்குள்ளிருந்து வெளியே வருவதைப் பார்த்தார்கள். ஒருத்தி குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை.

படம் வரைந்த அந்தச் சிறுமியின் அம்மா அண்ணனின் வயலில் நாற்று நடுகிறவள். அன்று ஏனோ வேறு ஊர் வயலில் வேலை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"ஏனுங்க அம்மிணி, இந்தத் தடத்துலயா வந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. இதுதானே பக்கம்."

பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"மேலுக்குச் சொகமில்லீங்க."

"மூணு பேருக்குமா?"

அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள். "அந்தப் படம் யாருக்குங்க அம்மிணி?"

"யாருக்கும் இல்ல. பிள்ளைக படிக்கிறதுக்கு."

"பண்ணாடி அதைப் போன்ல புடிச்சுட்டுப் போனாருங்களே."

"அவர் பி.டி.ஏ. தலைவர். பார்த்தார், புடிச்சார். அதுல என்ன?"

"அப்ப உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"என்ன தெரியாது?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெசமாவே தெரியாதுங்களா அம்மிணி?" என்று இன்னொரு முறை கேட்டாள். பிள்ளைகளை நான் இரண்டாம் முறை கேட்பேனே, அதே கேள்வி, அதே பார்வை. எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் ஏன் பொய் சொல்லப் போகிறேன் என்று கோபமாகவும் வந்தது. பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நாளைக்கு ஸ்கூலுக்கு வா என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முற்றத்தைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போதும் தோப்பு வழியாகத்தான் வந்தேன். அப்போது என் மனதில் ஓடியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தேங்காயைத் திருடி இங்கே எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார்களோ என்று நினைத்தேன். அதனால்தான் பிள்ளைகளை உள்ளே விடாமல், படத்திலும் காட்டாமல் வைத்திருக்கிறார்களோ என்று. மட்டைகளைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். களத்தில் பிறந்தவளுக்கு அந்தப் புத்திதான் முதலில் வருகிறது. தேங்காய் ஒன்றும் இல்லை. ஆனால் மரங்களில் பெயின்ட் அடித்து நம்பர் போட்டிருந்தது. வெட்டப் போகிற மரத்துக்குத்தான் அப்படிப் போடுவார்கள்.

நேராகக் களத்துக்குப் போனேன். வாசலில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஜே.சி.பி. நின்றது.

"என்ன அம்மிணி, சொல்லாம கொள்ளாம வந்திருக்க? உக்காரு, காப்பி குடி," என்றார் அண்ணன்.

"ஏண்ணா, தோப்பை வெட்டப் போறீங்களா?"

"மரமெல்லாம் நோவு புடிச்சுக் கெடக்குது. எடுத்துட்டு, வேர் தோண்டி, நெலத்தைச் சமன் பண்ணி வாழை வெக்கலாம்னு பாக்கறேன். அதுக்குள்ள காலனிக்காரங்க வில்லேஜ் ஆபீஸ்ல ஒரு மனுவைக் குடுத்துட்டாங்க. தோப்பு நடுவுல அவங்க சுடுகாடு இருக்குதாம். தலைமொறையா அங்கதான் பொதைக்கறாங்களாம். ஆபீசர் வெள்ளிக்கெழமை பாக்க வர்றாரு." பேசிக்கொண்டே போனை எடுத்துக் காட்டினார். "வரட்டும். நீதான் சாட்சி குடுத்திருக்கியே."

திரையில் அந்தச் சிறுமி வரைந்த படம். குறுக்கே என் சிவப்புக் கோடு. கீழே என் கையெழுத்து. விரலால் தள்ளினார், அவள் திருத்தி வரைந்த படம் வந்தது.

"அவங்க புள்ளைகளே வரைஞ்சிருக்குது பாரு, தோப்பு நடுவால நடந்து பள்ளிக்கூடம் போறதா. சுடுகாட்டு மேல எவனாச்சும் தெனமும் நடப்பானா? அதுக்கு டீச்சர் கையெழுத்து வேற. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அண்ணா, அங்க பொதைச்சிருக்காங்களா இல்லையா?"

"அப்பா காலத்துல ஏதோ ஒண்ணு ரெண்டு இருக்கும். எவன் கண்டான்? அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு." என் கேள்வி முடிவதற்குள் இந்தப் பதில் வந்துவிட்டது. "நீயே அதுல நடந்துதானே பள்ளிக்கூடம் போன. ஏதாச்சும் பாத்தியா?"

காப்பி குடிக்காமல் எழுந்து வந்தேன்.

சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அந்தக் கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஏதாவது பார்த்தேனா? ஏழெட்டு வயதில் ஒரு மத்தியானம் மேளச் சத்தம் கேட்டு நான் ஜன்னலில் ஏறி நின்றேன். வாய்க்கால் கரையில் ஆட்கள் வரிசையாகப் போனார்கள். கரையிலிருந்து இறங்கித் தோப்புப் பக்கம் திரும்பினார்கள். அம்மா வந்து என்னை இறக்கிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். தோப்புத் தடத்தின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கற்கள் நட்டிருந்ததும் ஞாபகம் வந்தது. பையை அதன் மேல் வைத்துவிட்டு இளைப்பாறியிருக்கிறேன். அந்தக் கற்கள் இப்போது இல்லை. எப்போது போயின என்று தெரியவில்லை. பாலைத் தொட்டுப் பார்க்கிறவள், வயிற்றுவலியை இரண்டு முறை கேட்கிறவள், அந்த ஜன்னலை ஏன் சாத்தினாய் என்று அம்மாவிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று இனிமேல் யாரிடம் சொன்னாலும் அது முழு உண்மை ஆகாது. அப்படியே குறுகிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் படங்களைச் சுவரிலிருந்து கழற்றினேன். ஹெச்.எம். வந்து நின்றார். "டீச்சர், நாளைக்கு அங்க போகணும்னு இல்ல. நாம கவர்ன்மென்ட் ஸ்டாஃப். ஸ்கூல் காரியத்தை மட்டும் பாத்தாப் போதும்," என்றார். நாளைக்கு எங்கே, என்ன என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. யார் போன் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரம் பர்மிஷன் வேண்டும் என்று எழுதி அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. வில்லேஜ் ஆபீசர், அவரோடு அளவு நாடா பிடித்த ஒரு கிளார்க், வார்டு மெம்பர், அண்ணன் எல்லோரும் தோப்புக்குள் தடத்தருகே நின்றிருந்தார்கள். நானும் உள்ளே போய் அவர்கள் பக்கத்தில் ஒரு தென்னை நிழலில் நின்றேன். காலனிக்காரர்கள் வெளியே இட்டேரியில் நின்றார்கள். ஒருவர்கூட வேலி தாண்டி உள்ளே வரவில்லை. என் மூன்று பிள்ளைகளும் அவர்களோடு நின்றிருந்தார்கள். மனுக் கொடுத்தவர்கள் எல்லோரும் அண்ணனின் வயலில் வேலை பார்க்கிறவர்கள். மனுக் கொடுத்த நாளிலிருந்து யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்பது எனக்கு அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் போனில் பிடித்த படத்தைப் பிரின்ட் எடுத்துக் கொண்டுவந்திருந்தார். ஆபீசர் அதை என்னிடம் நீட்டி, இந்தக் கோடு டீச்சர் போட்டதா என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஆமாங்க சார், நான் போட்டதுதான். அது தப்பு," என்றேன்.

"அம்மிணி, நீ ஊட்டுக்குப் போ," என்றார் அண்ணன். சத்தம் உயரவில்லை.

நான் கொண்டுபோன அசல் படங்களைப் பிரித்தேன். "பிள்ளைக மொதல்ல சரியாத்தான் வரைஞ்சாங்க சார். பாத்து எழுதினாங்களோன்னு மூணு பேரையும் தனித்தனியா உக்கார வெச்சேன். அப்பவும் மூணும் ஒரே படம். இவங்க யாரும் இதுக்குள்ள நடக்கிறதில்ல. இருபது நிமிஷம் சுத்தித்தான் வர்றாங்க. நடக்கிற வழின்னு கோடு போட்டது நான். அது நான் நடந்த வழி, இவங்க வழி இல்ல."

அப்புறம் ஏன் திருத்தினீர்கள் என்று ஆபீசர் கேட்டார்.

"ஏன் சுத்தி வர்றீங்கன்னு கேட்டேன் சார், பதில் வர்ற மாதிரி கேக்கல. பேயான்னு கேட்டுச் சிரிச்சேன்."

கிளார்க் எழுதிக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அன்றோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். மனு இன்னும் முடியவில்லை. ஆனால் விசாரணை முடியும்வரை மண்ணைத் தொடக்கூடாது என்று அன்றே எழுதிக் கொடுத்தார்கள், ஜே.சி.பி. திரும்பிப் போனது, தோப்பு அப்படியே நிற்கிறது. அதற்கு என் பேச்சு காரணமில்லை. நான் பேசி முடித்ததும் ஆபீசர், எல்லாம் சரி, இங்கே ஒரு கல்கூட இல்லையே, எது எங்கே இருக்கிறது என்று யாராவது காட்ட முடியுமா என்று இட்டேரியைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். இரண்டாம் முறை கேட்டார்.

"காட்டட்டும் சார், காட்டட்டும்," என்றார் அண்ணன். லேசாகச் சிரித்தார்.

அந்தப் பெண்ணின் அம்மா செருப்பைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். நேராக வரவில்லை. ஒரு மரத்துக்கு இடதுபக்கம் போய், பிறகு வலதுபக்கம் திரும்பி, ஓர் இடத்தில் நின்று பின்னால் வந்து, பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்தாள். மகள் அவளுக்குப் பின்னால், அம்மா வைத்த அடியிலேயே தன் காலை வைத்து வந்தாள்.

"இது எங்க மாமனாருங்க," என்றாள். கிளார்க் அங்கே ஒரு குச்சியை நட்டார்.

"இங்கன எங்க மாமியா. அவங்களுக்குக் கால்மாட்டுல எங்கூட்டுக்காரரோட தம்பி, பாம்பு கடிச்சுப் போனவருங்க. அந்தா, அந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல தாயும் புள்ளையுமா ஒண்ணா வெச்சிருக்குதுங்க."

ஒவ்வொரு குச்சியாக ஏறிக்கொண்டே போயிற்று. அண்ணனின் சிரிப்பு போய்விட்டது. அவள் நிற்காமல் சொல்லிக்கொண்டே என் பக்கம் வந்தாள். என் முன்னால் வந்ததும் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அம்மிணி. மூத்த புள்ள," என்றாள்.

யாருடைய பிள்ளை என்று ஆபீசர் கேட்டார்.

"என்னோடதுங்க. இவளுக்கு அக்கா. நடை பழகறதுக்குள்ள போயிட்டாளுங்க."

என் மாணவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு காலைத் தூக்கினேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.